குடம் வந்துருச்சு, நீங்களும் வாங்க

ஐயையோ, நனைஞ்சிருச்சாம்மா? காலைக் கொஞ்சம் இந்தப் பக்கம் வெச்சுக்கிடுங்க. பயப்படாதீங்க, தண்ணிதான். குடிக்கிற தண்ணி, கறை படியாது. இந்த டிரைவர் பிரேக் போடுற போட்டுல தளும்பிருது. துணியை நல்லா இறுக்கிக் கட்டுங்கன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட அப்பவே சொன்னேன். "இதுக்கு மேல இறுக்கினா குடத்துக்கு மூச்சு முட்டிரும்"னார். அவருக்கு எல்லாம் கேலி.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? ஆமா, குடம்தான். மேல சுத்தியிருக்கிறது பரிசுக் காகிதம்தான். கரடிப் படம் போட்டது. எம்மக சுத்தினது. குடத்துக்குக் காகிதம் சுத்துறது லேசுப்பட்ட வேலை இல்ல, இடுப்புல நிக்காது, வழுக்கிக்கிட்டே இறங்கும். இப்ப ஈரத்துல உரிஞ்சு வேற வருது. வீடு போய்ச் சேர்றதுக்குள்ள கரடி இருக்குமோ இருக்காதோ.

நீங்க ஏறுறதுக்கு முன்னால கண்டக்டர் என்னைய வெச்சு ஒரு பாட்டம் சிரிச்சு முடிச்சுட்டார். "யக்கா, பொம்பளைகளுக்குத்தான் இலவசம். கரடிக்கு லக்கேஜ் போடணும்"னார். பொறந்தநாள் பரிசுக்கு யாராவது லக்கேஜ் போடுவாங்களான்னு கேட்டேன். உள்ள என்னன்னார். தண்ணின்னேன். பஸ்ஸே சிரிச்சுச்சு. சிரிங்க, எனக்கென்ன.

உங்க மடியிலயும் ஒரு பெட்டி இருக்கே. பொறந்தநாள் வீட்டுக்கா? எத்தனை வயசுப் பிள்ளை? ஆட்டினா சத்தம் வருமா? எங்க, ஆட்டுங்க. ம், வருது. நல்லது. சத்தம் வராத பெட்டியப் பிள்ளைக துணின்னு நினைச்சு ஓரமாத் தள்ளிரும். இன்னொண்ணும் சொல்றேன் கேளுங்க. பெரிய பெட்டிக்குள்ள சின்னச் சாமான் வைக்காதீங்க. பிள்ளை மறந்துரும், பிள்ளையோட அம்மா மறக்கமாட்டா. இதெல்லாம் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது. எம்மக சுபாவோட பொறந்தநாள்ல நான் பட்ட பாடு இருக்கே, அதை யார்கிட்டயாவது சொன்னாத்தான் எனக்கு ஆறும். நீங்க எங்க இறங்கணும்? கடைசி ஸ்டாப்பா? அப்ப சொல்லிரலாம்.

எங்க காம்பவுண்டுல ஏழு வீடு. ஏழு வீட்டுக்கும் வாசல் கேட்டுப் பக்கத்துல ஒரே குழாய். முந்தியெல்லாம் பிள்ளைகளுக்குப் பொறந்தநாள்னா காலைல தலைக்கு ஊத்தி, கோயிலுக்குக் கூட்டிட்டுப் போய், பள்ளிக்கூடத்துக்கு ஒரு பாக்கெட் மிட்டாய் குடுத்துவிடுவோம். முடிஞ்சுது. அதைக் கெடுத்தவ ஜெயக்கொடி. மூணாவது வீடு, தையல் மிஷின் வெச்சிருந்தா. அவ மகன் முகிலனுக்கு ஒரு வருஷம் கேக் வாங்கி, பலூன் கட்டி, எல்லாப் பிள்ளைகளையும் கூப்பிட்டு, போகும்போது ஆளுக்கு ஒரு தண்ணி பாட்டில் குடுத்துவிட்டா. ரிட்டன் கிஃப்டாம். பரிசு கொண்டுவந்த பிள்ளைக்கு நாம திருப்பிப் பரிசு குடுக்கணுமாம். அப்ப எதுக்கு அதைக் கொண்டுவரணும், இதைக் கொண்டுபோகணும்? அவங்கவங்க சாமான் அவங்கவங்க வீட்டுலயே இருந்துட்டுப் போகட்டுமேன்னேன். "மதினி, கல்யாண வீட்டுல தாம்பூலப் பை வாங்காம நீ படி இறங்கமாட்ட. இது மட்டும் கசக்குதாக்கும்"னா. அவ வாய் அப்படி.

அப்புறம் என்ன, அம்மை தொத்துற மாதிரி வீட்டுக்கு வீடு தொத்திக்கிடுச்சு. சுபா ஒரு வீடு விடாமப் போவா. போற பிள்ளை வெறுங்கையோட போக முடியுமா? நான் அஞ்சாப்புக்கு மேல படிக்கலம்மா. ஆனா கணக்குல என்னைய அசைக்க முடியாது. பாத்திரக் கடையில எவர்சில்வர் கிண்ணம், அடியில மயில் வெட்டினது, ஆறும் ஒரே பெட்டியில போட்டு வெச்சிருந்தாங்க. தனித்தனியா வாங்கினா ஒரு விலை, செட்டா வாங்கினா பாதி விலை. வாங்கிட்டு வந்து பெட்டியப் பிரிச்சேன். எங்க வீடு போக ஆறு வீடு. ஆறு வீட்டுக்கு ஆறு கிண்ணம். வெறும் பாத்திரம் குடுக்கக் கூடாது பாருங்க, அதுக்காக உள்ள ஒரு கை சீனி போட்டுத் தாள் சுத்தி, ஒவ்வொரு பொறந்தநாளுக்கும் ஒண்ணாக் குடுத்துவிட்டேன். ஒவ்வொருத்தியும், முத்துப்பேச்சி நமக்குன்னு பாத்து வாங்கியிருக்கான்னு நினைச்சுக்கிட்டா. முத்துப்பேச்சின்னா நான்தான். யாருக்கும் கூட இல்ல, கொறைய இல்ல. நீங்களும் செய்யுங்க, நல்ல வழி. ஒண்ணே ஒண்ணு, குடுத்த கிண்ணமெல்லாம் ஒரே நேரத்துல ஒரே இடத்துக்கு வராமப் பாத்துக்கிடணும். அதை நான் யோசிக்கல. அது பின்னால வருது.

இப்படி ஊர்ப் பிள்ளைக பொறந்தநாளெல்லாம் நடக்குது. சுபாவுக்கு மட்டும் நான் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லிருவேன். ஒரு வருஷம் மழை. ஒரு வருஷம் எனக்குக் கால்வலி. கால்வலிக்கும் பொறந்தநாளுக்கும் என்ன சம்பந்தம்னு பிள்ளை கேக்கல, நல்லவேளை. இந்தத் தடவையும் அவ அழலம்மா. அழுதா அதட்டிரலாம். கவுன் பொத்தானத் திருகிக்கிட்டே, "எனக்கு டிரெஸ் வேண்டாம்மா. கேக்கு கூட வேண்டாம். எல்லாரும் வரணும். நான் எல்லார் வீட்டுக்கும் போயிருக்கேன்ல? நம்ம வீட்டுக்குத்தான் யாருமே வந்ததில்ல"ன்னா.

கல்யாணமாகிப் பத்து வருஷம் கழிச்சு வந்த பிள்ளை. சரின்னுட்டேன். சொன்ன வாய் மூடல, விரல் விட்டு எண்ண ஆரம்பிச்சுட்டேன். ஆறு வீட்டுப் பிள்ளைக, அதுகளோட அம்மாக்க. எங்க வீடோ ஒத்தை அறை. நாலு பேர் உக்காந்தா அஞ்சாவது ஆள் அடுப்புமேலதான் உக்காரணும். நாற்காலி ரெண்டு, அதுல ஒண்ணுக்குக் கால் ஆடும், தெரிஞ்சவங்களைத்தான் அதுல உக்கார வைக்க முடியும். கேக்கு, பாயசம், திருப்பிக் குடுக்கிற பரிசு... ஜெயக்கொடி வந்து நின்னு கண்ணாலயே அளவெடுப்பாளே, அவ தையல்காரி வேற.

அப்பத்தான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. எங்க பக்கம் குடிதண்ணி தினம் வராது. எட்டு நாளைக்கு ஒருக்க. சாயங்காலம் அஞ்சு மணிவாக்குல விடுவாங்க. மத்தியானமே குடத்தை வரிசையா வெச்சிருவோம். குடம் நின்னா ஆள் நின்ன மாதிரி. அந்த நேரத்துல ஒருத்திக்குப் பிரசவ வலி வந்தாக்கூட, "இரு தாயி, ரெண்டு குடம் பிடிச்சுட்டு வந்துருதேன்"னுதான் சொல்லுவாளுக. சரியா அந்த நேரத்துல பொறந்தநாள வெச்சா? கூப்பிட்ட மாதிரியும் இருக்கும், வராத மாதிரியும் இருக்கும். பேருக்கு ஒண்ணு ரெண்டு பிள்ளைக எட்டிப் பாக்கும். மிட்டாயக் குடுத்து அனுப்பிரலாம். முத்துப்பேச்சி கூப்பிடலன்னு ஒருத்தியும் சொல்ல முடியாது. எப்படி? நீங்க சிரிக்கிறீங்க. என் நிலைமையில இருந்தா நீங்களும் இதைத்தான் செஞ்சிருப்பீங்க.

தேதிப்படி பொறந்தநாள் வியாழக்கிழமை. தண்ணி சனிக்கிழமை. அதுக்கு ஒரு வழி பண்ணினேன். எங்க குடும்பத்துல நட்சத்திரத்துக்குத்தான் கொண்டாடுறது, பூரட்டாதி சனிக்கிழமைதான் வருதுன்னு வீடு வீடாச் சொல்லிட்டு வந்தேன். ஜெயக்கொடி மட்டும் மிஷினை நிறுத்திட்டுக் காலண்டரைப் பாத்தா.

"சனிக்கிழமை ரேவதின்னுல்ல போட்டிருக்கு மதினி?"

"எங்க வீட்டுக் காலண்டர்ல பூரட்டாதிதான்"னேன்.

"எத்தனை மணிக்கு?"

"அஞ்சு மணிக்கு. நல்ல நேரம்."

"சனிக்கிழமை அஞ்சு மணிக்கு என்ன வரும்னு ஞாபகம் இருக்கா?"

"என்ன வரும்?"

என்னைய ஏற இறங்கப் பாத்தா. "ஒண்ணும் இல்ல. நல்ல நேரம்தான் வரும்"னுட்டு மறுபடி மிஷினை மிதிக்க ஆரம்பிச்சுட்டா. தண்ணி நாளுங்கிறதே அவளுக்கு உறைக்கலன்னு நினைச்சுக்கிட்டேன். பாவம், தையல் தையல்னு கிடக்கிறவளுக்கு வேற நினைப்பு எங்க?

கேக்குக்கு வருவோம். எங்க வீட்டுக்காரர் கடலை மிட்டாய் கம்பெனியில பாகு கிண்டுறார். வீட்டுல பாகு கிண்டுற ஆளை வெச்சுக்கிட்டு வெளிய எதுக்குக் கேக் வாங்கணும்? எங்க அம்மா சீர் குடுத்த பித்தளைத் தாம்பாளத்தைக் குடுத்துவிட்டு, "இதுல வட்டமா ஊத்திக் கொண்டாங்க, கேக்கு மாதிரி"ன்னேன். "ஊத்தலாம். சூட்டோட கீறல் போட்டுக் கொண்டாறேன்"னார். "கீறல் போட்டா அது கடலை மிட்டாய். கீறல் போடாட்டித்தான் கேக்கு. பிள்ளை கையால வெட்டணும்ல?"ன்னேன். "ஏட்டி, ஆறினா அது கல்லு"ன்னார். "எல்லாம் எனக்குத் தெரியும்"னேன். முப்பது வருஷமாப் பாகு கிண்டுற மனுசன், ஒண்ணும் பேசாமத் தாம்பாளத்தை வாங்கிட்டுப் போயிட்டார். அவர் பேசாமப் போனாலே நான் யோசிச்சிருக்கணும்.

சனிக்கிழமை வந்துச்சு. என் பழைய மாம்பழக் கலர் சேலைய வெட்டி சுபாவுக்குப் பாவாடை. ஜெயக்கொடிதான் தைச்சுக் குடுத்தா. கூலி கேட்டதுக்கு, "கேக்குல பெரிய துண்டாக் குடு"ன்னா. பாயசம் ஒரு சட்டி வெச்சேன், நாலஞ்சு பேருக்குக் காணும். பலூனை வாயாலயே ஊதி எனக்குக் கன்னம் வலி. தாம்பாளத்துல வட்டமா, பொன்னு மாதிரி மினுங்குது மிட்டாய். மெழுகுவத்தி குத்த முடியல. கீழ உருக்கி ஒட்ட வெச்சோம்.

மணி அஞ்சு. யாரும் வரல.

அஞ்சே கால். காம்பவுண்டு காலி. அன்னிக்குன்னு பாத்து வால்வு திறக்கிற அண்ணாச்சியக் காணோம். அவர் வர்றாரா வர்றாரான்னு பொம்பளைக, பிள்ளைக எல்லாம் தெருமுனையில போய் நின்னு எட்டிப் பாத்துக்கிட்டிருக்கு. குழாயடியில குடங்கதான் வரிசையா நிக்குது.

நான் நினைச்சபடியே நடந்துருச்சு. சந்தோஷப்படணும்ல? அதுக்குத்தான இவ்வளவும் செஞ்சேன்? ஆனா சுபா நிலைப்படியில நின்னாம்மா. பாவாடையச் சுருக்கம் விழாம ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு. கேட்டைப் பாக்குறா. என்னையப் பாக்குறா. "மணி அஞ்சு ஆயிருச்சாம்மா?"ங்கறா. "இல்ல, இன்னும் ஆகல"ன்னேன். கடிகாரம் எங்க ரெண்டு பேருக்கும் நேர் எதுக்க சுவர்லதான் மாட்டியிருக்கு. ரெண்டு பேரும் அதைப் பாக்காம நின்னோம். பாயசத்தைக் கிண்டுற மாதிரி நான் திரும்பிக்கிட்டேன். ஏலக்காய் நெடி கண்ணுல ஏறிருச்சு. சில ஏலக்காய் அப்படித்தான், காரமா இருக்கும்.

திரும்பிப் பாத்தா பிள்ளையக் காணோம். பலூனையும் காணோம். சரி, தெருவுக்குப் போயிருப்பான்னு நினைச்சேன்.

கொஞ்ச நேரத்துல கேட்டுப் பக்கம் ஒரே கூப்பாடு. "எவடி எங்குடத்தை எடுத்தது? வரிசையில கை வெச்சது எவ?" எங்க பக்கம் ஒருத்தி கழுத்துச் சங்கிலியக்கூடத் தொட்டுப் பாக்கலாம்மா, வரிசையில வெச்ச குடத்தைத் தொடக் கூடாது. மண்டை உடையும். நான் கரண்டியும் கையுமா வெளிய ஓடி வந்தேன். வந்தா, என்னன்னு சொல்ல! குழாயடியில இருந்து குடங்க ஒண்ணு பின்னால ஒண்ணா, முத்தத்தைச் சுத்தி வளைஞ்சு, நேரா எங்க வீட்டு வாசப்படி வரைக்கும் நிக்குது. ஒவ்வொரு குடத்துக் கழுத்துலயும் ஒரு பலூன். நடுவுல எம்மக, மூச்சு வாங்கிக்கிட்டு, கடைசிக் குடத்தைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கா.

ஜெயக்கொடிதான் முதல்ல வந்தா. சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டு, சண்டைக்குன்னு வந்தா. அவ பச்சைக் குடத்துல மஞ்சள் பலூன் ஆடுது.

"என்னட்டி இது?"ன்னா.

"அத்தை, வரிசைய நான் மாத்தல. யார் பின்னால யாரோ அப்படியேதான் இருக்கு. எங்க வீடு வரைக்கும் இழுத்து மட்டும் விட்டேன்"னா சுபா. "எங்க குடத்தைக் கடைசியில வெச்சிட்டேன். நாங்க கடைசியாப் பிடிச்சுக்கிடுதோம். உங்க குடம் வந்துருச்சுல்ல, நீங்களும் வாங்க."

எங்க குடம் நாலாவது இடத்துல நின்ன குடம்மா! மத்தியான வெயில்ல போய் நான் வெச்ச இடம். அதைத் தூக்கிக் கடைசியில வெச்சிருக்கா. எனக்கு வந்த கோவத்துக்கு அந்தக் கரண்டியாலயே... அதுக்குள்ள ஜெயக்கொடி என்ன செஞ்சா தெரியுமா? செருகின சேலைய எடுத்துவிட்டா. முந்தானையால முகத்தைத் துடைச்சா. திரும்பி மத்தவளுகளைப் பாத்து, "என்னட்டி பாத்துக்கிட்டு நிக்கீங்க? குடமே மரியாதையா வந்து நிக்கு, நமக்கென்ன?"ன்னுட்டு முதல் ஆளா உள்ள வந்து, நேரா அந்தக் கால் ஆடுற நாற்காலியில உக்காந்தா. அது கிடுகிடுன்னு ஆடுது. "பொறந்தநாளுக்கு ஊஞ்சல் வேற போட்டிருக்கியா மதினி?"ங்கறா.

அம்புட்டுப் பேரும் வந்துட்டாக. வீட்டுக்குள்ள பாதி, வாசல்ல பாதி. சுபா மெழுகுவத்திய ஊதினா. எல்லாரும் கைதட்டினாக. கத்தியக் கையில குடுத்தேன். வெச்சு அமுக்குறா, இறங்கல. நான் சேந்து அமுக்கினேன், கத்தி வளைஞ்சிருச்சு. எங்க வீட்டுக்காரரைப் பாத்தேன். அவர் மேல விட்டத்தைப் பாக்கார். "அரிவாமனை கொண்டாங்க"ன்னா ஒருத்தி. "குழவிக்கல்லு இருக்கா?"ன்னா இன்னொருத்தி. "மதினி, கேக்கு வாங்கினியா, கருங்கல் வாங்கினியா?"ன்னா ஜெயக்கொடி. பிள்ளைக விழுந்து விழுந்து சிரிக்குதுக. எனக்கு மட்டும்தான் சிரிப்பு வரல.

அந்த நேரத்துக்குன்னு வால்வு அண்ணாச்சி வந்து சேந்தார். கேட்டுக்கு எதுக்கதான் வால்வுக் குழி. தோள்ல அந்த நீட்டு இரும்புச் சாவி, மண்வெட்டி உயரத்துக்கு இருக்கும். எப்பவும் குழாயடியில வரவேற்க ஒரு படையே நிக்கும், அன்னிக்கு ஒரு ஈ காக்கா இல்ல. குடத்து வரிசையப் பிடிச்சுக்கிட்டே நடந்து எங்க வாசலுக்கு வந்துட்டார். "என்ன, தண்ணி வேண்டாமா இன்னிக்கு?"ன்னார்.

"அண்ணாச்சி, தண்ணி இருக்கட்டும். அந்தச் சாவியக் குடுங்க முதல்ல"ன்னு ஜெயக்கொடி வாங்கப் போனா. அவர் குடுக்கல. விஷயத்தைக் கேட்டார். சாவியக் கழுவணும்னா தண்ணி இல்ல, வேட்டியாலயே துடைச்சார். பொறந்தநாள்காரிய விலகி நிக்கச் சொல்லிட்டுச் சாவி நுனியால தாம்பாளத்து நடுவுல ஒரு குத்து. டங்ங்னு ஒரு சத்தம், கோயில் மணி கணக்கா. மிட்டாய் நட்சத்திரம் மாதிரி உடைஞ்சுது. தாம்பாளத்துல குழி விழுந்துருச்சு. எங்க அம்மா குடுத்த தாம்பாளம்மா. இன்னும் குழியாத்தான் கிடக்கு, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பூ வைக்கும்போது பாத்துக்கிடுதேன்.

பாயசத்துக்குப் பாத்திரம் பத்தல. அவங்கவங்க வீட்டுல இருந்து ஒரு கிண்ணம் எடுத்துட்டு வாங்கன்னு பிள்ளைககிட்ட சுபா சொல்லிட்டா. ஓடுச்சுக. வந்துச்சுக. தரையில வரிசையா வெச்சுதுக. ஒண்ணு, ரெண்டு, மூணு... ஆறும் எவர்சில்வர். ஆறும் ஒரே அளவு. ஆறு அடியிலயும் மயில். ஆறு பேரும் கிண்ணத்தைப் பாத்தாக, அப்புறம் என்னையப் பாத்தாக. எனக்கு முகத்தை எங்க கொண்டு வைக்கன்னு தெரியல. ஜெயக்கொடிதான் மெதுவாச் சொன்னா, "அப்பாடா, செட்டுச் சேந்துருச்சு." அவ்வளவுதான், வீடு இடிஞ்சு விழுந்த மாதிரிச் சிரிச்சாளுக. நானும் சிரிச்சு வெச்சேன். வேற என்ன செய்ய? நாலஞ்சு பேருக்கு வெச்ச பாயசம் எல்லாருக்கும் ரெண்டு ரெண்டு வாய் வந்துச்சு.

வால்வு அண்ணாச்சிக்குக் கடலை தொண்டையில சிக்கி விக்க ஆரம்பிச்சிருச்சு. தண்ணி, தண்ணின்னு கையக் காட்டுறார். ஒரு வீட்டுலயும் ஒரு சொட்டு இல்ல, தண்ணி நாள் சாயங்காலம் யார் வீட்டுல இருக்கும்? "ஊருக்கே தண்ணி விடுற மனுசன், உங்களுக்கு நாங்க எங்க போக? போய்த் திறங்க, வரும்"னா ஜெயக்கொடி. விக்கிக்கிட்டே ஓடினார். அம்புட்டு வேகமா அவர் வால்வு திறந்து நான் பாத்ததில்ல.

தண்ணி வந்துச்சு. அவங்கவங்க குடத்தைத் தூக்கிக்கிட்டு ஓடுனாளுக. நான் கடைசி. வீட்டைக் கூட்டி, பிள்ளைகளை அனுப்பி, என் முறை வரும்போது குழாய் நூல் மாதிரி இறங்குது. அரைக் குடம் ரொம்பல, நின்னுபோச்சு. எட்டு நாளைக்கு அரைக் குடம். "எல்லாரும் வரணும் எல்லாரும் வரணும்னியே, பாரு இப்ப"ன்னு சுபாவை வாசல்ல வெச்சே பிடிச்சு ஏசிட்டேன். அவ தலையக் குனிஞ்சுக்கிட்டா.

அப்ப ஜெயக்கொடி அவ பச்சைக் குடத்தை இடுப்புல வெச்சுக்கிட்டு வந்தா. ரொம்பி இருக்கு. என்னையத் தள்ளிக்கிட்டு உள்ள போய், எங்க டிரம்முல மடமடன்னு ஊத்தினா. "என்னட்டி பண்ற?"ன்னேன். "மொய் வைக்கேன் மதினி. நல்ல நேரத்துல கூப்பிட்டிருக்க, வெறுங்கையோட போகலாமா? கிண்ணம் வாங்க எங்களுக்கு உன்னைய மாதிரி சாமர்த்தியம் இல்ல"ன்னா. அவ பின்னால அடுத்தவ. அவ பின்னால இன்னொருத்தி. வரிசை குலையல, பாத்துக்கிடுங்க. சுபா எப்படி வெச்சிருந்தாளோ அதே வரிசையில ஒவ்வொருத்தியா வந்து ஒவ்வொரு குடம் ஊத்திட்டுப் போனாளுக. பலூனைக்கூட அவிழ்க்கல. டிரம்மு ரொம்பி வழிஞ்சு, வீடெல்லாம் ஈரம். போர்வையெல்லாம் நனைஞ்சுது. நான் கேட்டனா? ராவரைக்கும் துடைச்சது நான்தான்.

ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? அம்புட்டுப் பேர் வந்தாளுகளே, ஒருத்தியாவது ஒரு பரிசுப் பொட்டலம் கொண்டுவந்தாளா? ஒரு பென்சில் டப்பா? இல்லையே. அதைத்தான் என்னால ஆத்திக்க முடியல. நான் ஆறு வீட்டுக்கும் ஆறு கிண்ணம் குடுத்தவ.

சுபாவுக்கு அந்த வருத்தமே இல்ல. டிரம்முமேல ஏறி உக்காந்துக்கிட்டு, "இது எம் பொறந்தநாள் தண்ணி. என்னையக் கேட்டுட்டுத்தான் எடுக்கணும்"னுட்டா. எட்டு நாளும் நான் சோறு பொங்க அவகிட்டப் பர்மிஷன் கேட்டேன். "எதுக்கும்மா ரெண்டு செம்பு? அரிசி ஒரு தடவை கழுவினாப் போதும்"ங்கறா. என் வயித்துல பொறந்தவதான், சந்தேகமே இல்ல.

இப்பவா? இப்ப ஜெயக்கொடி வீட்டுக்குத்தான் போறேன். போன மாசம் ஊருக்கு வெளிய சொந்தமா ஒரு வீடு கட்டிக்கிட்டுப் போயிட்டா. இன்னிக்கு முகிலனுக்குப் பொறந்தநாள். சுபா பள்ளிக்கூடம் விட்டு அவங்க அப்பாகூட வருவா. அந்தப் பக்கம் குடிதண்ணி லைன் இன்னும் வரல, எல்லாம் போர்த் தண்ணி. போன்ல சொன்னா, "இங்க காப்பி போட்டா ரசம் மாதிரி இருக்கு மதினி. நம்ம குழாய்த் தண்ணி ஒரு வாய் குடிச்சா நல்லாருக்கும்." கேக்கல அவ. சும்மா பேச்சுவாக்குல சொன்னதுதான்.

பாருங்க, இதுல எனக்கு ஒரு பைசா செலவு இல்ல. குழாயில வந்தது. பரிசுன்னா இப்படி யோசிக்கணும். எங்களுக்கு அடுத்த தண்ணியா? வர்ற புதன்கிழமை வரும். இன்னிக்கு என்ன, வெள்ளிதான? ஒரு வாரம்கூட இல்லியே. டிரம்மு அடியில கொஞ்சம் கிடக்கு, துணிய ஒருநாள் சேத்துத் துவைச்சாப் போகுது. சுபாகிட்டக் கேட்டுட்டுத்தான் எடுத்தேன். "நல்லா விளிம்பு வரைக்கும் ரொப்பும்மா"ன்னா, ரொப்பிட்டேன். அதான் இப்ப உங்க சேலையில சிந்துது.

மேல கவுத்தியிருக்கிறதா? நல்லாப் பாருங்க, மயில் தெரியுதா? அதே கிண்ணம்தான். வீடு காலி பண்ணிப் போற அன்னிக்கு ஜெயக்கொடி அவ கிண்ணத்துல ஒரு கை சீனி போட்டு எங்க வாசப்படியில வெச்சிட்டுப் போயிட்டா. "செட்டுக் கொறையக் கூடாதுல்ல மதினி"ன்னு கேட்டுப் பக்கத்துல நின்னு கத்துறா, தெருவே திரும்பிப் பாக்குது. குடத்துக்கு மூடி இல்ல, இதைக் கவுத்தினேன், அளவாப் பொருந்திக்கிடுச்சு. இதைப் பாத்ததும் அவ என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியும். "ஒரே கிண்ணத்தை ஒரே வீட்டுக்கு ரெண்டு தடவை பரிசாக் குடுத்த பொம்பளை நீ ஒருத்திதான்"ம்பா. சொல்லட்டும். முதல்ல ஒரு வாய் குடிச்சிட்டுச் சொல்லட்டும்.

இந்தா, ஸ்டாப் வந்துருச்சு. ஏம்மா, உங்க பெட்டியக் கொஞ்சம் சீட்டுல வெச்சிட்டு ஒரு கை பிடிங்க. கழுத்தைப் பிடிக்காதீங்க, அடியில பிடிங்க. கரடி போனாப் போகட்டும், தண்ணி சிந்திரக் கூடாது. கண்டக்டர் தம்பி, விசில் அடிச்சிராதீங்க, இன்னும் இறங்கல... பொறந்தநாளுக்கு வந்த குடம், மரியாதையா இறங்கட்டும்!